மேல் வரியும் கீழ் வரியும்

ரெஜிலா இறந்து நான்கு மாதமாகிறது. நெய்யூர்க்காரி. நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் உடம்பு இடம் கொடுத்த வரைக்கும் வேலை பார்த்தாள். சபைப் பாடகர் குழுவில் பள்ளிக்கூட நாளிலிருந்து முதல் குரல். அவளைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நூற்றாண்டு விழாப் பாட்டைச் சொன்னாலே அவள் யாரென்று விளங்கிவிடும்.

அவளுடைய சபையும் அடுத்த ஊர்ச் சபையும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. கல்லறைத் தோட்டத்து மதிலைப் பற்றி வாக்குவாதம் முற்றி, பாதிக் குடும்பங்கள் எழுந்துபோய் வேறு ஆலயம் கட்டிக்கொண்டன. சண்டை போட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு கீர்த்தனை. இரண்டு சபையிலும் ஒரே வார்த்தைகள்தாம். மூன்றாம் அடியில் மட்டும் ராகம் வேறு. அங்கே பாட்டு கிணற்றில் விழுகிறது என்று இவர்கள் சொல்வார்கள். இங்கே பாட்டு தென்னையில் ஏறி இறங்கத் தெரியாமல் நிற்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

தாய்ச் சபையான ரெஜிலாவின் சபைக்கு நூற்றாண்டு வந்தபோது இரு சபையாரும் சேர்ந்து பாடுவது என்று முடிவானது. இந்தப் பக்கத்துச் சபைகளில் இசையை சோல்ஃபா முறையில் எழுதுவார்கள். மேல்நாட்டு இசைத்தாளின் ஐந்து கோடு வேண்டாம். சுரத்துக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். எழுத்துதானே என்று ரெஜிலா எல்லாப் பாட்டையும் கணினியில் அடித்து, கிட்டில் ஏற்றினாள். ஒரே கோப்பைப் பலர் தனித்தனியாகத் திருத்தினாலும் பிறகு ஒன்றாக இணைத்துத் தருகிற கருவி அது. அடுத்த சபையின் பாடகர் தலைவர் ஜாஸ்பர், குவைத்தில் கணினி வேலை பார்த்துத் திரும்பியவர். அவரவர் சபை பாடும் விதத்தை அவரவர் கிளையில், அதாவது தனிப் பிரதியில், திருத்தி வந்தார்கள்.

சேர்க்கும் நாள் வந்தது. ரெஜிலா ‘கிட் மெர்ஜ்’ கட்டளையை அடித்தாள். மற்ற பாட்டெல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டன. அந்தக் கீர்த்தனையின் மூன்றாம் அடியில் மட்டும், மோதல், நீயே பார்த்துத் தீர் என்று கருவி நின்றுவிட்டது.

குழுவின் மூத்த பாடகர் இஸ்ரவேல் விஷயத்தைக் கேட்டறிந்தார். அவளுக்கு மாமா முறை. இப்படி நின்றால் என்ன வழி என்று விசாரித்தார். ‘எங்களுடையது’ என்றோ ‘அவர்களுடையது’ என்றோ ஒரு சொல் கொடுத்தால் அந்தப் பக்கம் மட்டும் நிற்கும் என்று அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

“பொறவு என்னத்துக்கு யோசிக்க? நம்மளுக்கது நிக்கட்டும். அடிச்சு விடு மக்கா.”

இதைப் போனில் சொன்னபோது ஜாஸ்பர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “எங்களுக்க வரி போச்சுன்னா எங்க ஆளுவ வரமாட்டாவ அக்கா. நான் ஒத்தைக்கு வந்து நின்னு என்ன செய்ய?”

ஒரு சொல்தான். அடித்தால் வேலை முடியும், விழாவும் முடிந்துவிடும். அவள் அடிக்கவில்லை. கோப்பைத் திறந்தாள்.

மோதல் வந்த இடத்தைக் கிட் காட்டுகிற விதம் ஒன்று உண்டு. நம் வரி மேலே, நடுவில் சமக்குறிகளால் ஒரு கோடு, அவர்கள் வரி கீழே. மென்பொருள்காரர் எவரும் அதைப் பார்த்தால் இரண்டில் ஒன்று என்றுதான் நினைப்பார். ரெஜிலா சோல்ஃபா படித்து வளர்ந்தவள். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வரி இருந்தால் அவள் கண்ணுக்கு அது முதல் குரல், இரண்டாம் குரல். நடுக்கோட்டை மறந்து வாசித்தாள். கீழ் வரி மேல் வரியின் நிழல்போல மூன்று சுரம் தள்ளி, கூடவே நடந்தது.

பிரிந்துபோன குடும்பங்களில் இரண்டாம் குரல் பாடியவர்கள் இருந்திருக்க வேண்டும். தாங்கள் பாடியதை எடுத்துக்கொண்டு போய், அதுவே ராகம் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது அவளுடைய ஊகம்தான். ஊகத்தைச் சோதிக்காமல் விடுகிறவள் அல்ல. சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அதுவரை மிதித்தே இராத அந்த ஆலயத்துக்குப் போனாள். அவர்களை அவர்கள் வரியைப் பாடச் சொன்னாள். நான் என்ன பாடினாலும் நிறுத்தக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, தன் வரியை மேலே எடுத்தாள்.

அடி முடிந்ததும் ஜாஸ்பர் அவள் பக்கம் திரும்பினார். “இன்னொருக்கா பாடுவமா அக்கா?” என்றார்.

ஒரே ஒரு தாளத்தட்டில் மட்டும் இரண்டும் உரசின. எத்தனை தரம் பாடியும் உரசின. அங்கே ஒன்று போகத்தான் வேண்டும். அவள் தன் சபையின் சுரத்தை எடுத்துவிட்டு, இரு குரலுக்கும் அவர்களுடையதை வைத்தாள். கருவி போட்ட மோதல் குறிகளை அழித்தாள். ‘மூன்றாம் அடி, இரண்டு குரல்’ என்று குறிப்பெழுதிக் கமிட் செய்து, மாற்றத்தைப் பதிந்தாள்.

இஸ்ரவேல் விடவில்லை. “அந்த எடத்துல நம்மளுக்கதுக்கு என்ன கொறச்சல்? நாளைக்கு மதிலையும் அவியளுக்கு எழுதிக் குடுப்பியா?”

“அவியளுக்கது அங்க நல்லாருக்கு மாமா. பாடிப் பாத்துட்டுத்தான் வச்சேன்.”

பாடமாட்டேன் என்று அவர் எழுந்து போனார். ஆனாலும் விழா அன்று வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்து பாடகர்களின் முன்வரிசையில் நின்றார். அடுத்த சபையார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். இடம் போதாமல் பீடத்தின் படிவரை நின்றார்கள். மூன்றாம் அடி வந்தது. மேல் வரி ஏறியது, கீழ் வரி கூடவே போனது. பாதிச் சபை பாடுவதை விட்டுவிட்டுக் கேட்டது.

அந்த ஒரு தாளத்தட்டில் ரெஜிலா அவர்கள் சுரத்தைக் குரலெடுத்துப் பாடினாள். பக்கத்தில் இஸ்ரவேல் அதைப் பாடவில்லை, பழையதையும் பாடவில்லை. அது கடந்துபோகும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றார்.