சிந்திய கோதுமை யாருடையது?

போதகர் என்றால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், உங்களுக்குக் கேள்வி கேட்க மட்டும்தான் தெரிகிறது என்பது என் மனைவியின் நிரந்தரக் குறை. அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு கதவு மூடியிருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் என்னால் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. ராயபுரத்துச் சிறிய சபை ஒன்றுக்கு நான் மாற்றலாகி வந்தபோது சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அரிசிக்கும் கோதுமைக்கும் ஜனங்கள் ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற காலம். அங்கே வந்த முதல் வருஷமே நான் வம்பை விலைக்கு வாங்கினேன்.

வம்பு அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பது எங்கள் சபைகளின் வழக்கம். ஆராதனை முடிந்ததும் அவற்றைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ராயபுரத்திலும் பீடத்தின் முன் பூசணிக்காய், வாழைத்தார், கரும்புக்கட்டு, கத்தரிக்காய்க் கூடை எல்லாம் வந்து குவிந்திருந்தன. எனக்கு ஆச்சரியம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவர்கள், திருவொற்றியூர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், இவர்கள்தான் சபை. ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறவர்களுக்குப் பூசணிக்கொடி படர இடம் ஏது?

வழக்கம்போல் கேட்டுவிட்டேன். முந்தின நாள் கொத்தவால் சாவடிக்குக் கைவண்டி எடுத்துப் போய் மொத்தமாக வாங்கி வந்தார்களாம். எனக்கு முன்னால் இருந்த போதகர்கள் காலத்திலும் அப்படித்தானாம்.

"இங்க இன்னா ஐயரே வெளையுது? கொசு வெளையுது. அத்தப் புட்ச்சி வெச்சா நீ ஜெபம் பண்ணுவியா?" என்றார் கிரேன் ஓட்டுகிற ஒருவர்.

போதகரை ஐயர் என்று அழைப்பது நான் வளர்ந்த தெற்கத்திச் சபைகளிலும் உண்டு. ஆனால் ஐயரை "நீ" என்று கூப்பிடும் ஊரை அப்போதுதான் பார்த்தேன். முதலில் சுருக்கென்றது. பிறகு, பிரியமானவர்களைத்தான் அவர்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும், யாராவது "நீங்க" என்றால் எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது.

இவர்களுடைய விளைச்சல்தான் என்ன? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் முழுவதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கெல்லாம் போனேன். எண்ணூர் உப்பளத்தில் வெயிலில் நின்று கண் கூசினேன். முகத்துவாரக்குப்பத்தில் கரைவலை இழுப்பவர்களோடு கயிறு பிடித்து உள்ளங்கையைப் புண்ணாக்கிக்கொண்டேன். என் மனைவி புண்ணில் மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டபடியே, "பிரசங்கத்துக்கு இதெல்லாம் வேணுமாக்கும்" என்றாள். வேண்டியிருந்தது. வேதத்தில் வயல் இருக்கிறது, திராட்சைத் தோட்டம் இருக்கிறது, ஆட்டு மந்தை இருக்கிறது. பாரம் தூக்கும் கிரேன் இல்லை. சங்கு ஊதினால் உள்ளே போய், மறுபடி ஊதினால் வெளியே வருகிற மனிதனிடம் விதைப்பையும் அறுப்பையும் பற்றி நான் என்ன பேசுவது? தீக்குச்சி அடுக்குகிற பெண் வீட்டு விளக்கேற்ற மூலைக் கடையில்தான் தீப்பெட்டி வாங்குகிறாள். தான் செய்த பொருளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அங்கே அநேகமாக யாருக்கும் வழியில்லை. எனக்கு இது விசித்திரமாக இருந்தது. அவர்களுக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

அடுத்த பண்டிகைக்கு முன்பு ஆராதனையில் அறிவித்தேன். சாவடிக்கு யாரும் போக வேண்டாம். உங்கள் உழைப்பில் வந்தது எதுவோ, அது சின்னதாக இருந்தாலும், அதைக் கொண்டுவாருங்கள்.

கொண்டுவந்தார்கள். ஒரு பானை உப்பு வந்தது. மீஞ்சூர்ப் பக்கத்து உறவினரிடம் கடன் வாங்கிய கோழி ஒன்று வந்தது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. பனையோலைக் கூடையில் கருவாடு வந்தது. அன்று முதல் வரிசையில் இருந்தவர்கள் மிகுந்த பக்தியோடு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் சட்டை தைத்து வந்தார். இவற்றுக்கு நடுவே ஒரு முறத்தில் கோதுமை இருந்தது. ஒரு கல், ஒரு தூசி கிடையாது. அப்படிச் சுத்தமான கோதுமையை ரேஷன் கடையில் நான் பார்த்ததே இல்லை.

அதை வைத்தவள் கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசையில் இருந்த ஒரு விதவை. இரண்டு பெண் பிள்ளைகள். துறைமுகத்தில் ஒரு தானிய ஷெட்டில் தரை பெருக்கும் வேலை. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்வாள். அன்று முறத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன்.

ஏலம் விடுகிறவர் சபைக் கமிட்டியின் மூத்தவர். என்னைப் போலத் தெற்கத்திக்காரர். யானைக்கவுனியில் ரேஷன் கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் தானிய மண்டி வைத்திருந்தார். குரல் வெண்கலம். உப்பும் சட்டையும் போன பிறகு முறத்தைத் தூக்கினார். தானியக்காரரின் கை சும்மா இருக்குமா? ஒரு சிட்டிகை அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். "ஒரு தரம்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது கப்பல் கோதுமைல்லா?" என்றார். "இந்தச் சரக்கு இன்னும் ரேஷன் கடைக்கே போகலையே. ஷெட்டுல இருக்க சாமான் கோயிலுக்கு எப்படி வந்தது?"

அவள் தூணுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். ஒளிக்கவில்லை. மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுக்கும்போது சாக்கு கிழிந்து சிந்தும், லாரி போன பிறகு நாங்கள் பெருக்குவோம், வாசலில் வாச்மேன் மடியைச் சோதிக்காத நாளில் அதில் கொஞ்சம் கட்டிக்கொண்டு வருவோம், எல்லாரும்தான் என்றாள்.

மூத்தவரின் முகம் சுண்டிப்போயிற்று. "திருட்டுச் சாமானை ஆண்டவர் சந்நிதியில வச்சிருக்கா, ஐயா. நான் அதுக்கு ஏலம் கூறிட்டு நிக்கேன்."

"ஊட்டுக்கு எத்தினி நாளா எடுத்தும் போய்கினு கீறேன், கோயில்ல யாரும் ஒண்ணும் கேக்கல," என்றாள் அவள். "சாமிக்குனு கொண்டாந்தேன், திருடின்ற."

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. கருவாட்டுக் கூடையை எடுக்க வந்தவர் அதைத் தொடாமலே திரும்பிப் போனார்.

மூத்தவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உணவு தானியக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்த சமயம். கணக்கில் வராத கப்பல் கோதுமையை அவர் கையால் ஏலம் விட்டார் என்று வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அவர் பயந்துதான் போனார். ஆனால் அவர் கேட்டது பெரிது. அவள் சபை முன் மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கக்கூடாது; ஷெட் குத்தகைக்காரரிடமும் தான் சொல்லியாக வேண்டும் என்றார். சொன்னால் அவளுடைய வேலை டோக்கனைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு அவளும் பிள்ளைகளும் எதைத் தின்பது? புதன்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யட்டும், அதுவரை யாரிடமும் வாய் திறக்காதீர்கள் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினேன்.

நடுவில் இரண்டு நாள் இருந்தது. நான் அந்த ஷெட்டுக்குப் போனேன். கொக்கி சாக்கில் இறங்கும்போது ஒரு சத்தம் கேட்கும், கூடவே கோதுமை ஒழுகும். பத்தடிக்குப் பின்னால் துடைப்பத்தோடு பெண்கள். பெருக்கியது மூலையில் மண்ணும் தானியமுமாகக் குவிந்தது. அது என்ன ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். கோழித் தீவனத்துக்குப் போகும், இல்லாவிட்டால் கடலில் கொட்டுவோம் என்றார்.

"அது யாருடைய கோதுமை?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேஜாரான கேள்வியா கீதே! கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல கேளு ஐயரே."

ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா, கப்பலிலிருந்து இறங்கும்வரை தங்கள் பொறுப்பு, தரையில் விழுந்தால் சர்க்கார் பொறுப்பு என்றார். சர்க்கார் மேஜையில் இருந்தவர், ஷெட்டைத் தாண்டிவிட்டால் அது மண்டிக்காரர்களுடையது, தரையில் கிடப்பதைப் பற்றித் தனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்றார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் திருடி என்று பெயர் வாங்கி நிற்கிறாள். திருட்டுக் கொடுத்தவர் யார் என்று ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை!

புதன்கிழமை சாயங்காலம் கோயிலின் பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. அவளை வெளி வராந்தாவில் உட்காரச் சொல்லியிருந்தோம். நான் வேதத்தைத் திறக்கவில்லை. அறுக்கும்போது சிந்தினதைத் திரும்பிப் போய்ப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்ற பழைய சட்டம் அங்கிருந்த எல்லாருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டத்தில் வயலுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். அவனைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இங்கே அவனைத்தான் காணவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

"அவள் மன்னிப்புக் கேட்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கேட்க வேண்டும்?"

"சபையிடம்" என்றார் ஒருவர். சபை கோதுமை இறக்குமதி செய்யவில்லையே என்றேன். கப்பல்காரரிடம் என்றார் இன்னொருவர். குமாஸ்தா சொன்னதைச் சொன்னேன். "இந்த ஐயர் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. கடைசியில் மூத்தவரைப் பார்த்தேன்.

"அந்த ஷெட்டிலிருந்து உங்கள் மண்டிக்கும் கோதுமை வருகிறது. சிந்தியது உங்களுடையதா?"

அவர் உடனே வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வழியில சிந்துறதுக்குன்னு மூட்டைக்கு மூட்டை சேதாரம் கழிச்சிட்டுத்தான் நாங்க சரக்கை எடுக்கது," என்றார் மெதுவாக. "கீழ விழுந்ததுல எனக்கு நஷ்டம் ஒண்ணும் கிடையாது. அது என்னுதுன்னு நான் சொன்னா, ஐயா, நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம்."

தனக்கு எதிராக அதைச் சொல்ல யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. குத்தகைக்காரரிடம் எதுவும் சொல்வதில்லை, அவள் திருவிருந்துக்கு வரலாம், முறம் மறுபடி பீடத்தின் முன்னாலேயே போகட்டும் என்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னவரும் அவரேதான்.

நான் துள்ளாத குறையாக வராந்தாவுக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ அது திருட்டு இல்லியா ஐயரே?"

"இல்லை."

"மெய்யாலுமா?"

"மெய்யாகத்தான். கமிட்டியே சொல்லிவிட்டது."

"அப்போ நாளிக்கி கேட்டாண்ட வந்து, வாச்சுமேனாண்ட இத்தச் சொல்றியா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. சொல்வேன் என்று நினைத்துத்தான் கேட்டாள். நானும் சொல்வேன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அங்கி இருந்தால் பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூடும் என்பது என் எண்ணம். முதலில் உள்ளே ஷெட்டின் மேலதிகாரியான சூப்பரின்டெண்டெண்டைத் தேடினேன், அவர் கிளம்பிவிட்டாராம். சங்கு ஊதியது. பெண்கள் வாசலை நோக்கி வரிசையாகப் போனார்கள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு நாலைந்து பேருக்குப் பின்னால் அவள் நின்றாள்.

வாச்மேன் வயதானவர், நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "நீ ஏன் சாமி லைன்ல நிக்கிற?" என்று கையைப் பிடித்து முன்னால் அழைத்துவந்தார். நான் சொல்ல வந்ததை அவரிடம் சொன்னேன். சிந்திய கோதுமைக்குச் சொந்தக்காரர் இல்லை, அதை எடுப்பது திருட்டாகாது, மண்டிக்காரர் ஒருவரே ஒப்புக்கொண்டார் என்றேன். அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டார்.

"நாயமாத்தான் கீது சாமி. ஆனா வுட்டா என் டூட்டி பூடும். நீ போ சாமி, நேரமாவுது," என்று ஒரு சலாம் வைத்து என்னை வெளியே அனுப்பினார்.

வெளியே நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் முறை வந்தது. மடியை அவிழ்த்தாள். ஒன்றும் இல்லை. உதறச் சொன்னார், உதறினாள். இன்னொரு தரம் உதறச் சொன்னார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் உதறினாள். பிறகு மடியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அங்கியின் இரண்டு பக்கமும் வேத புத்தகம் நுழைகிற அளவுக்குப் பெரிய பைகள்.

"ஒன் பையி எம்மாம் பெர்சா கீது ஐயரே," என்றாள். "படி கோதும புடிக்கும் போலகீதே. ஒன்ன எவனும் தொட்டுக்கூடப் பாக்கல பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கைகளையும் அந்தப் பைகளுக்குள் விட்டு மறைத்துக்கொண்டு, ரயில்வே கேட் வரை அவளோடு நடந்தேன்.