வலது இண்டிகேட்டர்

நான் கை வைத்த வண்டி அதே கோளாறோடு இரண்டாம் முறை வராது என்று அல் ஐன் சனாயா முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. சனாயா என்றால் ஒர்க்‌ஷாப்புகளும் பழைய இரும்பும் நிறைந்த பேட்டை. அங்கே ஒரு சந்தில் இருந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் எனக்கு வேலை. ஜப்பான் பிக்கப் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியான ஒயரைப் பிடித்துவிடுவேன். அந்தத் திமிர் உச்சத்தில் இருந்த ஒரு ஜனவரிக் காலையில், பனிக்குள்ளிருந்து ஒரு பழைய வெள்ளை அமெரிக்க பிக்கப் மெதுவாக வெளிப்பட்டு என் கடை வாசலில் நின்றது. ஒரு மாதத்துக்கு முன் நான் பிரேக் பெட்டி மாட்டிக் கொடுத்த வண்டி. பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது.

ஓட்டி வந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் குதிரை பார்க்கிற வேலை. ஊரில் ஆடு மேய்த்தவர், தோட்ட வேலை என்று விசா எடுத்து வந்து, குதிரைகளிடம் மாட்டிக்கொண்டதாகச் சொல்வார். மாட்டிக்கொண்ட மாதிரி முகத்தில் தெரியாது. அங்கிருந்த பழுப்புப் பெண் குதிரையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் பாப்பாவை டிரெய்லரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோகும் வழியில், ஒரு ரவுண்டானாவில் அது முழங்கால் மடிந்து விழுந்துவிட்டதாம். அதிலிருந்து டிரெய்லர் பக்கமே போக மறுக்கிறது. முரட்டுக் குதிரை, கெட்டுப்போய்விட்டது என்று அர்பாப், அதாவது அவருடைய முதலாளி, முடிவு கட்டிவிட்டார். ஷார்ஜாவிலிருந்து அதை வாங்க ஆள் வரப்போகிறார். இதையெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவ கெட்ட குதிரை இல்ல தம்பி. உள்ள என்னமோ நடந்திருக்கு. நமக்குத்தான் தெரியல.”

பெட்டிமேல் பழியைப் போட்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. டிரெய்லர் சக்கரங்களுக்குள் கரண்டில் வேலை செய்யும் பிரேக் இருக்கும். டிரைவர் பெடலை மிதிக்கும்போது அதற்கு எவ்வளவு கரண்டு போகவேண்டும் என்று முடிவு செய்வது டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டும் இந்தப் பெட்டிதான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரத்தை மட்டும் எண்ணும். மெதுவாக மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். இன்னொன்றுக்குள் ஒரு குண்டு ஊசலாடும். வண்டி எவ்வளவு வேகம் குறைகிறதோ அவ்வளவு முன்னால் ஆடி, அந்த அளவுக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். முன்பு நான் மாட்டியது முதல் வகை. கடையில் அதுதான் இருந்தது, அதனால் அதை மாட்டினேன், வேறு காரணம் கிடையாது.

இந்த முறை துபாயில் சொல்லிவைத்து ஊசல் பெட்டியை வரவழைத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் உள்ளே குண்டு நகரும் சத்தத்தைக் கேட்டார். “இது யோசிச்சுப் பிடிக்கும் போலயே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் எனக்கு அந்தப் பெட்டியை விளக்கியதில்லை.

மாட்டுவது லேசாக இல்லை. ஊசல் பெட்டி மட்டமாக உட்காரவேண்டும். அந்த வண்டியின் டேஷ்போர்டு வெயிலில் அப்பளமாக வெடித்துக் கிடந்தது. இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, துளை போட்டு, கொத்தனார் நண்பர் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சனாயா மொத்தமும் கண் சொக்கிக் கிடந்த நேரம். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி நடுவுக்கு வருவதை நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒயர்களை மட்டும் நான் தொடவில்லை. பழைய பெட்டிக்கு இருந்த அதே நான்கையும் புதியதில் சேர்த்துவிட்டேன். நான் இழுத்த ஒயர்களாயிற்றே, அதில் என்ன சந்தேகம்?

வெள்ளிக்கிழமை காலை ஓட்டிப் பார்க்கப் போனோம். டிரெய்லர் காலி. அவர் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, பாப்பா நிற்கும் இடத்தில் தான் நிற்பதாகச் சொன்னார். போலீஸ் பார்த்தால் இருவருக்கும் கதை முடிந்தது என்றேன். அவர் அதற்குள் உள்ளே ஏறிவிட்டார். மொபைலில் ஒரு மிஸ்டு கால் வந்தால் பெட்டியிலிருக்கும் திருகைத் திருப்பிப் பிரேக்கைக் கூட்டு, இரண்டு வந்தால் குறை என்று பேசிக்கொண்டோம். ஊருக்குப் பேசும்போதும் எங்களுக்கு அதுதான் பாஷை. ஒன்று என்றால் சாப்பிட்டாயிற்று, இரண்டு என்றால் பணம் வந்தது.

பனி விலகவே இல்லை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு ரவுண்டானாவின் நடுவில் சிமெண்டில் செய்த பெரிய அரபிக் காபிக் கூஜா, அடிப்பாகம் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. என் பின்னால் குதிரைக்குப் பதில் ஒரு மனிதர் வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு, குதிரையாக நின்று வருகிறார் என்ற நினைப்பு எனக்கு ஏதோ கனவில் ஓட்டுவது போலிருந்தது. இரண்டு மிஸ்டு கால். குறைத்தேன். மறுபடி இரண்டு. அப்புறம் ஒன்று. அப்புறம் போன் அடங்கிவிட்டது. மிதித்தால் வண்டியும் டிரெய்லரும் ஒரே மூச்சில் நின்றன. அவ்வளவு சந்தோஷத்தை எந்த வேலையும் எனக்கு அதுவரை தந்ததில்லை.

கூஜாவைச் சுற்றி வந்து, வெளியேற வலது இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தேன். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்தி ஓடினேன்.

கதவைத் திறந்து இறங்கினார். நேர் ரோட்டில் தொட்டில் மாதிரி இருந்ததாம். “திரும்புறப்ப மட்டும் யாரோ காலப் பிடிச்சு இழுத்து விடுற மாதிரி இருக்கு. லேசாத்தான். ஆனா விடாம.” எப்படி என்று கேட்டேன். கையை நீட்டி விரல்களை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினார்.

பிக்கப்பின் வலது பின் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அவர் விரல்களும் அதுவும் ஒரே கணக்கில் போய்க்கொண்டிருந்தன.

ஜப்பான் வண்டியில் பிரேக் விளக்கு தனி, இண்டிகேட்டர் தனி. இந்த அமெரிக்க வண்டியில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு பல்புதான். பிரேக் மிதித்த தகவலைப் பெட்டிக்குக் கொண்டுபோகும் ஒயரைப் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் வலது பின் விளக்கிலிருந்து இழுத்திருந்தேன். வலது இண்டிகேட்டர் போட்டபோதெல்லாம் விளக்கு மின்னும் ஒவ்வொரு தடவையும் டிரெய்லர் பிரேக் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறது. பழைய பெட்டி அதை அடியாகவே கொடுத்திருக்கும். புதுப் பெட்டி நல்ல பெட்டி என்பதால் அடி மெத்தென்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். அல் ஐனில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையிலும் பாப்பா இதை வாங்கியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு ஒயரை மாற்றிவிட்டு, எல்லாம் புதுப் பெட்டியின் மகிமை என்று சொல்லிவிடலாம். அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை. அவர் வெறுங்காலோடு ஈரத் தார் ரோட்டில் நின்றிருந்தார். அந்தக் காலைப் பார்த்தேன்.

“அண்ணே, தப்பு ஒயர்ல. நான் போட்ட ஒயர்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார், அங்கே யாரோ இருப்பது போல. “அவ அன்னைலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கா” என்றார்.

அன்றே ஒயரை மாற்றினேன். மாலையில் இருவருமாக அர்பாபிடம் போனோம். பாதி அரபியும் பாதி இந்தியுமாக, குதிரைமேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். அர்பாப் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை நானே ஓட்டி டாக்டரிடம் கொண்டுபோய்த் திரும்பவேண்டும் என்றார். பாப்பா ஏறி, அடிபடாமல் வந்து இறங்கினால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் மறுநாள் ஷார்ஜா ஆள் வருவார்.

அந்த ஒரு வாரம் ராமநாதபுரத்துக்காரர் பாப்பாவுக்குத் தீனியை நின்றிருந்த டிரெய்லருக்குள்தான் வைத்தார். முதல் மூன்று நாள் அதைத் தொடவில்லை, ராத்திரியில் வெளியே போட்ட கொஞ்சம் புல்லோடு அரைப்பட்டினி கிடந்தது. நாலாவது நாள் முன்னங்கால்களை மட்டும் உள்ளே வைத்துத் தின்றது. வெள்ளிக்கிழமை அவர் முன்னால் ஏற, பின்னாலேயே முழுசாக ஏறியது. அவர் இறங்க மறுத்துவிட்டார். இந்தத் தடவை நானும் போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

போகும்போது ஒரு மிஸ்டு காலும் வரவில்லை. டாக்டர் பார்த்து முடித்து, மறுபடி ஏறி, திரும்பும் வழியில் அதே காபிக் கூஜா வந்தது. சுற்றினேன். வலது இண்டிகேட்டர் போட்டேன். டிக், டிக் என்ற சத்தம் வண்டி முழுக்க நிறைந்தது. வெளியேறி நேர் ரோட்டுக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. நிற்கவில்லை.

ஓரம் கட்டி எடுத்தேன். அவர்தான் மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்கிற குரலில் பேசினார்.

“ஏன் தம்பி நிப்பாட்டுன? தூங்குறா, அதச் சொல்லத்தான் அடிச்சேன். போ.”