நாக்அவுட் பண்ணினால் பர்மனென்ட், பாயின்ட்டில் ஜெயித்தால் டிபன் கேரியர்

அந்த கிளவுஸ் உள்ளே எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

இருந்தது இரண்டே ஜோடி. போட்டியில் எட்டுப் பேர். முன்னால் சண்டை போட்டவனின் வியர்வைக்குள்தான் நாம் கையை நுழைக்க வேண்டும். அதோடு கூலன்ட் ஆயில் வாசம் வேறு... எல்லாருமே மெஷின் ஆட்கள். நாலு தடவை சோப்புப் போட்டாலும் போகாது.

ஓசூர் தொழிற்பேட்டை. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். கம்பெனிகளுக்கு இடையே வருடா வருடம் விளையாட்டுப் போட்டி நடக்கும். அந்த வருடம் பாக்ஸிங்கையும் சேர்த்தார்கள். ஸ்பான்ஸர் கம்பெனியின் மேனேஜர் ஒரு பாக்ஸிங் பைத்தியம். மைக்கைப் பிடித்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஃபைனல்ல நாக்அவுட் பண்றவனுக்கு என் கம்பெனில பர்மனென்ட் வேலை. பாயின்ட்ல ஜெயிச்சா டிபன் கேரியர். கணக்குப் பாத்து ஜெயிக்கிறவன யாருப்பா ஞாபகம் வச்சுக்கப் போறாங்க?”

எல்லோரும் விசில் அடித்தோம். அதிகமாக அடித்தது நான்தான்.

எனக்குச் சாத்தூர் பக்கம். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் மூன்று வருடமாக கான்ட்ராக்ட். ஊரில் பெண் பார்த்து ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெண்ணின் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி, “தம்பி பர்மனென்ட்டா?” அதற்குப் பதில் என் வலது கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கவும் காரணம் இருந்தது. ஃபைனலுக்கு வருவதற்குள் இரண்டு பேரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன்.

ஃபைனலில் எதிராளி மாதேஷ். ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டைக்காரன். வேறு கம்பெனி, ஆனால் அவனும் கான்ட்ராக்ட்தான். ஒல்லி உடம்பு. இரண்டு சண்டையையும் பாயின்ட்டில் ஜெயித்து வந்தவன். தொடுவான், விலகுவான், திரும்பத் தொடுவான்.

“இவன் குத்துறானா, சொறிஞ்சு விடுறானா?” என்று கேட்டேன். என் ரூம்மேட் செல்வம் சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதல் ரவுண்டிலேயே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. நான் வீசுவதெல்லாம் காற்றில் போகிறது. அவனுடைய இடது கை மட்டும் வந்து நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று... வலிக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஜட்ஜ்களின் பேனா அசைவது என் கண்ணில் படும். இரண்டாவது ரவுண்டு முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

“நாக்அவுட் ஒண்ணுதான் வழி மாப்ள,” என்று முகத்தில் தண்ணீரை அடித்தான் செல்வம்.

மூன்றாவது ரவுண்டு பாதியில் மணி இரண்டு ஆகியிருக்கிறது. யாருக்கும் அந்த நினைப்பில்லை. மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபேக்டரியில் ஷிப்ட் சைரன் அலறியது.

என் இரண்டு கைகளும் தானாகக் கீழே இறங்கிவிட்டன.

பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்குப் புரியும். முதல் நாள் பாடமே அதுதான்... சைரன் அடித்தால் கையை எடு. எடுக்காமல் விரலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடப் பழக்கம், நாம் ரிங்கில் நிற்கிறோம் என்று யோசித்துக்கொண்டா இருக்கும்?

ரவுண்டு முடிய வேண்டுமென்றால் பித்தளை மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. ரெஃப்ரியும் நிறுத்தவில்லை. நான் மட்டும் ஷிப்ட் முடிந்தவன் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மாதேஷின் வலது கை கிளம்பிவிட்டது.

சுற்றிலும் “அடிடா”, “ஹொடி ஹொடி”, “கொட்டுரா”... தமிழ், கன்னடம், தெலுங்கு, மூன்று பாஷையிலும் அதே ஒரு வார்த்தை.

அந்தக் கை என் தாடைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

கிளவுஸின் ஈர வாசம் மூக்கில் ஏறியது. கூட்டம் சட்டென்று ஓய்ந்தது. அவன் ஒரு எட்டு பின்னால் போனான்.

“கையத் தூக்குங்ணா,” என்றான்.

கண்ணுக்கு முன்னால் ஒரு பர்மனென்ட் வேலை. கையை இன்னும் ஒரு விரற்கடை நீட்டினால் போதும். நீட்டவில்லை. கூட்டம் அவனைத் திட்ட ஆரம்பித்தது.

என்னை உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். கையைத் தூக்கியதும் முழு பலத்தோடு மூன்று குத்து விட்டேன். எனக்கு வேலை வேண்டுமே. ஒன்றும் படவில்லை. மணி அடித்தது, பாயின்ட்டில் அவன் ஜெயித்தான். மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே டிபன் கேரியரை நீட்டினார்.

மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு அவனைத் தேடிப் போனேன். ஊத்தங்கரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் கேரியர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஏன் அடிக்கல?”

“சைரன் அடிச்சா எனக்கும்தான் கை எறங்கும். அந்த நேரத்துல அடிச்சி வேலைய வாங்கிட்டா... தெனமும் அந்தச் சைரன எப்புடிங்ணா கேட்டுகினு இருக்கறது?”

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறு இடத்தில் பர்மனென்ட் ஆனது. சாத்தூர்ப் பெண்ணின் அப்பா அதுவரை காத்திருக்கவில்லை, அது வேறு கதை.

இப்போது எங்கள் ஃபேக்டரியில் சைரன் கிடையாது. கேட்டில் மெஷினுக்கு முகத்தைக் காட்டினால் ஷிப்ட் முடிந்தது. என் பையன் போனில் பாக்ஸிங் பார்க்கிறான். பத்து செகண்ட் வீடியோ, ஆள் விழுகிற இடம் மட்டும். “மூணு ரவுண்டு யாருப்பா பாப்பாங்க?” என்கிறான். நானும் அந்த வயதில் அப்படித்தான் என்று அவனிடம் சொல்லவில்லை.

நான் படுக்க வைத்த இரண்டு பேரின் பெயரும் எனக்கு மறந்துவிட்டது. முகம்கூட நினைவில்லை. யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அந்த மேனேஜர் எவனைப் பற்றிக் கேட்டாரோ, அவன் மட்டும்தான் நினைவில் இருக்கிறான்.

போன வாரம் பாகலூர் ரோடு சிக்னலில் பைக்கில் நின்றிருந்தேன். எங்கோ ஒரு சைரன். ஹேண்டில்பாரிலிருந்து என் கை தானாக இறங்கிவிட்டது. பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள்... எனக்குக் கேட்டது அவன் குரல்தான்.

“கையத் தூக்குங்ணா.”