இருபத்தைந்துக்கு மேல்

பிற்பகல் மூன்றரை மணி. ஐந்து மணிக்குள் சீட்டை உறுதி செய்யாவிட்டால் அது வெயிட்டிங் லிஸ்ட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். என் மேசைக்கு எதிரே நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி மரியதாஸும் அவர் மகள் ஷைனியும் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் மூன்று பேருக்கும் வேர்த்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது அந்தக் கவுன்ட்டரில் உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஷைனி கேட்டது உணவுத் தொழில்நுட்பம். அவள் கட்-ஆஃபுக்கு எங்கள் அட்டவணைப்படி ஃபீஸில் இருபத்தைந்து சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப். அதைச் சொன்னேன்.

"சரிங்கம்மா" என்று மரியதாஸ் எழுந்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் எழுந்திருக்கவில்லை.

"இதுக்கு மேல கேக்க ஏதாவது வழி இருக்கா மேடம்? பாதியாவது கெடச்சாதான் நான் இங்க சேர முடியும்."

வழி இருந்தது. அதற்கு ரிவ்யூ என்று பெயர். டைரக்டர் ஃபைலைப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு மாணவருக்கு ஒரே தடவைதான். இல்லை என்று எழுதிவிட்டால் எழுதியதுதான். ஆபீஸில் எங்கள் பழக்கம், கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வாயைத் திறக்காமல் இருப்பது. அவள் கேட்டுவிட்டாள்.

"கூட வைக்க என்ன பேப்பர் இருக்குங்க?" என்றேன்.

மரியதாஸ் பையிலிருந்து ஒரு கவரை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். கட்சிப் பிரமுகர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம். "ரெண்டு நாள் அவர் வீட்டு வாசல்ல நின்னு வாங்கினதுங்க."

எங்கள் டைரக்டர் அம்மாவுக்குச் சிபாரிசு என்றாலே பிடிக்காது. கட்சி லெட்டர்ஹெட்டைப் பார்த்தால் மார்க்கைக்கூடப் பார்க்கமாட்டார்.

"இத உள்ள வைங்க, யார்ட்டயும் காட்டாதீங்க. வேற காலேஜ்ல ஏதாவது ஸ்காலர்ஷிப் ஆஃபர் குடுத்திருக்காங்களா? இருந்தா அதக் காட்டிக் கேக்கலாம்."

"இல்லீங்க" என்றார் பட்டென்று. ஷைனி தரையைப் பார்த்தாள்.

மார்க் ஷீட்டை மட்டும் ஃபைலில் வைத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். மணி நான்கே கால். வெறும் மார்க்கை வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். திரும்பிவிடலாமா என்று கதவருகே நின்று தவித்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம். ஷைனி ஓடி வந்தாள். கையில் திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆஃபர் லெட்டர். இதே படிப்பு, ஐம்பது சதவீதம்.

"அப்பா காட்டக் கூடாதுன்னாங்க மேடம். எனக்கு வேற வழி தெரியல."

அதற்குள் மரியதாஸும் வந்துவிட்டார். "ஏம்மா என் மானத்த வாங்குற?" என்று மகளை அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "சம்பந்தம் பேச வந்த வீட்ல, இன்னொரு எடத்துல இவ்ளோ செய்றேன்னாங்கன்னு சொல்லுவாங்களா? நீங்களே சொல்லுங்க. மரியாதையா இருக்குமா?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அண்ணே, இங்க அதுதான் மரியாதை. இது இல்லாம நான் உள்ள போனா திட்டு வாங்கிட்டுதான் வருவேன்" என்று லெட்டரை வாங்கி ஃபைலின் மேலே வைத்தேன்.

நாலரைக்கு டைரக்டர் அழைத்தார். லெட்டரை இரண்டு தடவை படித்தார். பிறகு ஷைனியை உள்ளே கூப்பிட்டார்.

"அங்கதான் பாதி தர்றாங்களே, அங்கயே போக வேண்டியதுதானே?"

ஷைனி ஒரே மூச்சில் சொன்னாள். "இங்க லேப்ல நெல்லு காய வைக்கிற மிஷின் இருக்கு மேடம். அங்க இல்ல, போய்ப் பாத்தேன். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் கூடன்னு எங்க நெல்ல ஒவ்வொரு வருஷமும் திருப்பி அனுப்புறாங்க. ரோட்ல கொட்டிக் காய வைக்கிறோம், மழை வந்தா போச்சு. அத நான் படிக்கணும்."

டைரக்டர் பேனாவை எடுத்தார். ஐம்பது என்று எழுதி, ஒவ்வொரு செமஸ்டரிலும் மார்க் குறையக் கூடாது என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கவுன்ட்டரில் சீட்டை உறுதி செய்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து, கொஞ்சம் பெருமையோடுதான் மரியதாஸைப் பார்த்தேன். அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த ரிவ்யூ புதுசா வந்ததுங்களா?"

"இல்லீங்க, ரொம்ப வருஷமா இருக்கு."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி மூத்தவனக் கூட்டிட்டு இதே மேசைக்கு வந்தேங்க. நீங்கதான் இருந்தீங்க. இருபத்தஞ்சுன்னீங்க. சரிங்கம்மான்னு போயிட்டோம். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். மார்க்கு இவளவிட அவனுக்குத்தாங்க ஜாஸ்தி."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பையனின் முகத்தை நினைவுபடுத்தப் பார்த்தேன், வரவில்லை. இன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதிக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டினேன்: ஸ்காலர்ஷிப் போதவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி கேட்க வழி உண்டு. வேறு கல்லூரி ஆஃபர் இருந்தால் காட்டுங்கள். டைரக்டர் படித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார்.

அட்டை பழசாகி இப்போது விழுந்திருக்கலாம். 'சரிங்கம்மா' என்று ஒருவர் எழுந்தால் நீங்கள் அவரை உட்காரச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.