பாதை திறந்திருக்கிறது

குன்னூர் எஃப்.எம். நிலையம் விலைக்கு வருகிறது என்றதும் ஊரில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். கோயம்புத்தூர் மில்காரர் என்றது பஸ் ஸ்டாண்டு; சென்னை டிவிக்காரர்கள் என்றது மார்க்கெட். பதினெட்டு வருடமாக அங்கே காலைச் செய்தி வாசித்த ஈவ்லினுக்கு, யார் வாங்கினாலும் வேலை நிலைத்தால் போதும் என்றிருந்தது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தினமும், மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையிலுள்ள பர்லியார் டீக்கடைக்குப் போன் போடுவாள். கடைக்காரர் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான், மேட்டுப்பாளையம் பாதை திறந்திருக்கிறது என்று வாசிப்பாள்.

விற்பனைக்கு முன்னால் மேனேஜர் அவளை மூன்று நாள் உட்கார வைத்து, ஊர்ப் பேர், எஸ்டேட் பேர், பாதைச் செய்தி எல்லாம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்.

"வாங்கறவங்க உங்க குரல்தான் வேணும்ங்கறாங்க."

வேலை தப்பித்தது என்று நம்பி, தொண்டை வற்ற வாசித்துக் கொடுத்தாள். சர்ச்சில் நன்றி ஜெபம்கூட ஏறெடுத்தாள். அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாங்கிய மகராசன் யாரென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில், வேலை தேடி மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள். பர்லியாருக்கு மேலே மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ரேடியோவைத் திருகினார். கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்த அவளுடைய குரல் கணீரென்று சொன்னது: "மேட்டுப்பாளையம் பாதை திறந்திருக்கிறது."

"வாயத் தொறந்தாப் பொய்யுங்க இந்தப் பொம்பள!" என்று டிரைவர் சீறினார்.

முன் சீட்டிலிருந்த ஈவ்லின் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.