ரவாங் போனது சன்னலோரம் நிற்பதற்கல்ல

மின்மினி பார்க்க, மலேசியாவில் எங்கள் ஊர்ப் பக்கமான கோல சிலாங்கூர் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். எனக்கு மறக்காத வழி அங்கிருந்து வெளியே போனதுதான். எண்பதுகளின் நடுவில், ரவாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை டெலிபோன் ஆபரேட்டர் தேடியது. இங்கிலீஷ் பேச வேண்டுமாம். பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை என்று எங்கள் ரப்பர் தோட்டக் கணக்கர், கிராணி, சிரித்தார். அவர் சிரித்ததாலேயே கிளம்பினேன்.

காலை ஏழு மணிப் பேருந்து. பத்தாங் பெர்ஜுந்தை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம், கட்டணம் மூன்று வெள்ளிக்குள்தான். துணைக்கு வந்த தோழி லெட்சுமி கேட்கக் கேட்க நான் ஒப்பித்தேன். ஹோல்ட் ஆன் என்றால் காத்திருங்கள். புட் யூ த்ரூ என்றால் இணைத்துவிடுகிறேன். ஹோல்ட், புட் எல்லாம் பள்ளியிலேயே தெரிந்த சொற்கள்தான். பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டினால் ஆளே மாறிவிடுகின்றன. வாய்விட்டுச் சொன்னால்தான் படியும். சத்தமாகவே சொன்னோம்.

"தோட்டத்துல யாருக்கு லா போன் பேசப் போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"உங்க மொதலாளிக்குத்தான்" என்றாள் லெட்சுமி.

தொழிற்சாலையில்தான் சொதப்பினேன். தோட்டத்து ஆபீசுக்குள் நாங்கள் கால் வைத்ததே இல்லை. வெளியே சன்னலோரம் நிற்போம், கூப்பிட்டால் குனிந்து பேசுவோம். அப்பா அம்மாவும் அப்படித்தான். இங்கேயும் பழக்கதோஷத்தில் சன்னலோரம் போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே, நாற்காலியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பெயரையும் கூப்பிட்டு, ஆளில்லை என்று விட்டுவிட்டார்கள்.

எல்லோரும் வெளியேறிய பிறகு லெட்சுமி என்னை உள்ளே தள்ளினாள். அதிகாரி ஒரு தமிழ் அம்மாள். "முடிஞ்சிருச்சும்மா, வீட்டுக்குப் போ" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேல் அல்ல, அந்தச் சன்னல்மேல். யாரும் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ப்ளீஸ் ஹோல்ட் ஆன், மேடம். ஐ வோண்ட் கிவ் அப்."

அவர் என்னையே பார்த்துவிட்டு மேசைத் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். பேசிக் காட்டினேன். வேலை கிடைத்தது.

அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு: முதல் பேருந்தைப் பிடியுங்கள். யார் சிரித்தாலும் வாய்விட்டுப் பழகுங்கள். கதவு வழியாகப் போய் உட்காருங்கள்.

எங்கள் தோட்டத்து ரப்பர் பாலைத்தான் அந்தத் தொழிற்சாலை வாங்கியது. ஒருநாள் பால் லோரி தாமதமாகும் என்று சொல்ல கிராணி போனில் கூப்பிட்டார், மேனேஜர் வேண்டுமாம். நான் யாரென்று முதலில் சொன்னேன். பிறகு, "ஹோல்ட் ஆன், சார்" என்றேன். கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார்.