மூலைக்கு மூலை

அன்றைக்கு வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையின் அண்ணன். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஷிஃப்ட், வரவில்லை. டி.வி.யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பார்க்க வந்தது அதைத்தான்.

சீரில் முப்பத்திரண்டு இன்ச் எல்.சி.டி. என்று பேச்சு. அக்கா போச்சம்பள்ளி கம்பெனிக்குப் போய்ச் சேர்த்த சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா வேலைக்குப் போகக் கூடாது என்பதும் பேச்சில் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. டி.வி. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் காட்டி, "எச்.டி.ன்னா என்னடா?" என்று மாப்பிள்ளையின் அண்ணனைக் கேட்டார்.

"படம் பளிச்சுனு தெரியும் நாயனா."

"எங்க தெரியுது? எங்கூட்டு பழைய டி.வி.யே தேவலயே."

"கேபிள்ல அப்பிடித்தான். டிஷ்ஷு போட்டு, அதுக்குன்னு இருக்குற பாக்ஸ் வாங்கணும்."

"அப்ப டி.வி.யே பத்தாதா?"

அண்ணன் சிரித்துவிட்டுப் பைக்கிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்துவந்தார். டி.வி. கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் படுக்கையாகப் பிடித்தார். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. இன்னொரு தரம் பிடித்தார். அதேதான்.

"நாலு இன்ச்சு எங்க சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"கடையில முப்பத்திரண்டுன்னுதாங்க குடுத்தான்," என்றார் அப்பா.

"மாங்கா மண்டியிலதான் எடையில அடிப்பானுங்க. நீங்க இன்ச்சுலயே அடிக்கிறீங்களே. இதே இப்பிடின்னா, போடுற நகை எப்பிடியோ?"

அப்பா கடைக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். செருப்பும் மாட்டியாயிற்று. அம்மா கேசரித் தட்டோடு நின்றாள்.

எனக்கு விஷயம் தெரியும். கிருஷ்ணகிரிக் கடைக்கு நானும் போயிருந்தேன். அப்பா வெளியே டெம்போவுக்கு வாடகை பேசிக்கொண்டிருந்தபோது, "எப்படி அளக்கறீங்க?" என்று அக்காதான் கேட்டாள். கடைக்காரர் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே டேப் வைத்துக் காட்டினார். எல்லா டி.வி.க்கும் கணக்கு இதுதான் என்றார்.

சமையல்கட்டு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தேன். மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அவளுக்கு மறந்துபோயிற்று போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பிடி அளக்கக் கூடாது. கடைக்காரரு மூலைக்கு மூலை புடிச்சாரு. அக்காதான் கேட்டுச்சு," என்றேன்.

அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேல் மூலையில் டேப்பை வைத்து, குறுக்காகக் கீழ் மூலைக்கு இழுத்தார். அக்கா என்னை மெச்சுவாள் என்று பார்த்தேன். அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு.